சுவிட்சு வைக்கும் உயரம்

மகளுக்கு அம்மா எழுதுவது.

போன் பண்ணினால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். இண்டூரில் நம் வாடகை வீடுகள் பழசாகிவிட்டன. கீழ் வீட்டை மட்டும் குறைந்த செலவில் புதுசாக்குகிறேன். டைல்ஸ் போடவில்லை, பழைய தரைக்கே பெயிண்ட் அடித்தோம். பாத்ரூமில் வெஸ்டர்ன் டாய்லெட் வைத்து, சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பியும் அடித்தாயிற்று.

பஸ் விபத்தில் உன் வீட்டுக்காரருக்குக் கால் போனதை ஊரார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

சக்கர நாற்காலி நுழைய நிலைப்படியை எடுக்கச் சொன்னேன். கொத்தனார் அர்ச்சுனன் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான்.

"நெலப்படிய எடுத்தா வூட்டுக்கு ஆகாதுங்க ஆயா."

"ஆகாததெல்லாம் என் வாயாலயே ஆயிப்போச்சு. நீ எடு சாமி."

வேற சாதிக்காரன் என் படி மிதிக்கக் கூடாது என்று, நீ அவரைக் கூட்டி வந்த அன்று நான் கத்தியதை அவனும் கேட்டவன்தான். கடப்பாரையைப் போட்டுப் பெயர்த்து எடுத்தான்.

இனி சுவிட்சுகளைக் கீழே இறக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டிப் பார்த்தேன். எனக்கு எட்டுகிற இடம் அவருக்குச் சரிப்படுமா? அவர் நெட்டையா குட்டையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. வாசலில் வந்து நின்றவரை நான் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

எலக்ட்ரீஷியன் சுவரைக் குடையாமல் காத்திருக்கிறார். நாற்காலியில் இருந்தபடி உன் வீட்டுக்காரர் கை எட்டுகிற உயரத்தை ஒரு நூலில் அளந்துகொள். நூலின் ஒரு முனையை என் பேத்தி பிடித்துக்கொள்ளட்டும். அந்த நூலை மட்டும் கவரில் வைத்து அனுப்பு. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

உன் அம்மா