கல் என்று நீ கத்திய ஞாயிறு

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். கரணை பிடித்துச் சுவர் பூசிய கை இது, பேனாவை நசுக்குகிறது. தாளில் கோடு போட்டுத்தான் இருக்கிறது. ஆனாலும் என் வரிகள் அலை மாதிரி ஏறி இறங்குகின்றன. 'ழ' வரும் இடத்தில் கை நின்று யோசிக்கிறது. நீ பார்த்தால் என்ன சொல்வாய் என்று தெரியும். "ஏலே, கோழி கெளறுன மாதிரில்லா இருக்கு" என்பாய். சொல்லிக்கொள். சாகும்வரை என்னைக் கைநாட்டு என்றே கூப்பிட்டாய். அந்தக் கைநாட்டு இப்போது மாதா கோயில் கொட்டகையில் மாலை வகுப்புக்குப் போய், எழுத்துக் கூட்டி, உனக்கு மடல் எழுதுகிறான். உன்னால் ஒரு வரி பதில் எழுத முடியாது. இந்த வயதில் இதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்கு வேறென்ன வேண்டும்?

இன்றைக்கு எழுத உட்கார வைத்தது ஒரு வாசனை. பக்கத்து வீட்டு வங்காளத்து அம்மாள் சட்டியில் கடுகெண்ணெய் காயவைத்தாள். புகை பலகை இடுக்கு வழியாக வந்து கண்ணைக் கரித்தது. பிறகு மஞ்சள் தடவிய மீன் எண்ணெயில் விழும் சத்தம் கேட்டது. முதலில் எனக்கு எச்சில் ஊறியது; அதற்குப் பிறகுதான் உன் ஞாபகம் வந்தது. இந்த வரிசையை நீ தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாய். மீனுக்கு அடுத்துதான் மனுஷன் என்று நடுக்கடலில் எனக்கு நடத்திக் காட்டியவனே நீதானே.

நாம் இந்தத் தீவுக்கு வந்து ஜங்லிகாட்டில் குடியேறிய புதிதில் அங்கே கடைகள்கூட அதிகம் இல்லை. நீ தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரன், துறைமுக லாஞ்ச் ஓட்ட வந்தவன். நான் அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கொத்தனார், கண்டிராக்டரோடு கப்பல் ஏறியவன். குடிக்கிற தண்ணீரையே தேடிப் போக வேண்டிய ஊரிலிருந்து, எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீராக இருக்கிற ஊருக்கு வந்து முழித்துக்கொண்டிருந்தேன். ஒரே தகரக் கூரையின் கீழ் உனக்கு ஒரு அறை, எனக்கு ஒரு அறை. வந்த வாரமே நீ என்னைப் பாம்பூஃப்ளாட் படகில் ஏற்றி, "இங்கன உக்காரு, காத்து நல்லா வரும்" என்று ஓர் இடத்தைக் காட்டினாய். உட்கார்ந்தேன். கரை சேரும்வரை பெண்கள் நான்கு மொழியில் என்னைத் திட்டினார்கள். தலைக்கு மேலே 'பெண்களுக்கு மட்டும்' என்று பலகை தொங்கியதாம். நீ மறுபக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தாய். எனக்குப் படிக்கத் தெரியாது என்று உனக்குத் தெரிந்த நாள் அது. நண்பனாகிவிட்டாய் என்று எனக்குத் தெரிந்த நாளும் அதுதான்.

மூன்றாவது ஆள் நிமாய். பெரார்கஞ்சில் சர்க்கார் கொடுத்த நிலத்தில் நெல் போட்ட வங்காளி. தமிழில் ஒரு சொல் தெரியாது, நமக்கு அவன் பாஷை தெரியாது. மூன்று பேருக்கும் பொதுவாக இந்தத் தீவின் உடைந்த ஹிந்திதான். ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் நீ உன் சின்னத் துடுப்புப் படகை, டிங்கியை, எடுப்பாய். லாரி பிடித்துப் பாம்பூஃப்ளாட் துறைக்கு வந்து நிற்கும் நிமாயை ஏற்றிக்கொள்வோம். அவன் அரிசியும் கடுகெண்ணெயும் கொண்டு வருவான். நான் புளியும் மிளகாய்ப்பொடியும் கொண்டு வருவேன். நீ வாயை மட்டும் கொண்டு வருவாய். பிடித்த மீனை நாம் விற்றதில்லை. "ஆறு நாளு அடுத்தவனுக்கு ஒழைச்ச ஒடம்பு ஏழாம் நாளு எதையாவது கொன்னாத்தாம்லே ஆறும்" என்பாய்.

ஒரு சட்டமும் போட்டிருந்தாய். உச்சி வரை ஒரு மீனும் படாதவன் கடலில் இறங்க வேண்டும். "மீனு வரலன்னா நீ போய்க் கேளு" என்று தள்ளிவிடுவாய். பொதுச் சட்டம்தான். ஆனால் அது என்னைத் தவிர யாரையும் நனைத்ததில்லை.

அந்த ஞாயிறு கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரி கிடந்தது. ராஸ் தீவைத் தாண்டி, அடியில் பாறை இருக்கும் இடம் என்று நீ சொன்ன இடத்தில், டிங்கியை மிதக்கவிட்டுத் தூண்டில் போட்டோம். நங்கூரத்துக்கு ஒரு கல் வைத்திருந்தோமே, நான் உளி வைத்துத் துளை போட்டுக் கொடுத்தது, அது நிமாயின் காலடியில் கயிறோடு கிடந்தது. உனக்கு இரண்டு களவாய் கிடைத்தது. நிமாய்க்கு ஒரு சங்கரா. என் தூண்டில் என் சட்டையிலேயே மாட்டியதோடு சரி.

"எறங்குலே" என்றாய்.

"இன்னும் உச்சி வரலடா. சூரியனப் பாரு."

"கைநாட்டுக்குச் சூரியன மட்டும் படிக்கத் தெரியுமாக்கும்? எறங்கு, எறங்கு."

சட்டையைக் கழற்றிப் போட்டதுமே முதுகில் உன் கை விழுந்தது.

நான் கிணற்றில் நீந்தப் பழகியவன். கிணற்று நீச்சல் என்றால் எதிர்ச் சுவரைப் பார்த்துப் போவது. போய்ப் படிக்கல்லைப் பிடித்து மூச்சு வாங்குவது. கடலில் எந்தப் பக்கம் போனாலும் சுவர் வராது. அதனால் டிங்கியையே சுவராக வைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி ஏறிவிடுவது என் வழக்கம். அன்றைக்குத் தண்ணீருக்கு மேலே வந்து பார்க்கிறேன், கரைக்காற்று எழும்பிவிட்டது. என் சுவர் நகர்ந்து போய்க்கொண்டிருந்தது.

அதே நேரத்தில்தான் உன் தூண்டிலில் அது விழுந்தது. கயிறு உன் கையை அறுத்துக்கொண்டு ஓடியதும், நீ ஒரு காலைப் பலகையில் ஊன்றிக்கொண்டதும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. டிங்கி போவதை நீயும் பார்த்தாய். முன்பக்கம் திரும்பி, "கல்லு! கல்லு!" என்று கத்தினாய்.

கல்லைப் போட்டால் டிங்கி நிற்கும். சரியான யோசனைதான். ஆனால் மற்ற நாளெல்லாம் நிமாயிடம் ஹிந்தியில் 'பத்தர்' என்பவன், அன்றைய அவசரத்தில் தமிழில் கத்திவிட்டாய். ஹிந்தியில் கல் என்றால் நாளை. லோ என்றால் எடுத்துக்கொள். கல்லு என்று நீ கத்தியது, 'கல் லோ', அவனை நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று அவன் காதில் விழுந்தது. வழக்கமான உன் குசும்புதானே என்று அவன் விழுந்து விழுந்து சிரித்தான். என்னைப் பார்த்துக் கையாட்டி, "கல் நஹீ தாதா, பர்சோன்!" என்று கத்தினான். நாளைக்கு வேண்டாம் அண்ணே, நாளை மறுநாள்!

நீ இன்னும் இரண்டு தரம் கல்லு என்றாய். அவன் இன்னும் இரண்டு தரம் பர்சோன் என்றான். கல் அவன் காலடியில் சும்மா கிடந்தது.

இதுவரை ஊருக்கே தெரியும். தண்ணீரிலிருந்து பார்த்தவனுக்கு இன்னொன்றும் தெரியும். துடுப்பு உன் முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. கயிற்றை விட்டிருந்தால் துடுப்பை எடுத்திருக்கலாம். நீ விடவில்லை. என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாய். அடுப்பில் இருக்கும் சோறு இப்போதே பொங்கிவிடுமா, இன்னும் கொஞ்சம் தாங்குமா என்று பார்ப்பார்களே, அந்தப் பார்வை. தாங்கும் என்று முடிவு செய்து மீன் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

நான் உப்புத் தண்ணீர் குடித்தேன். கூப்பிட வாய் திறந்தால் இன்னும் குடித்தேன். லுங்கி அவிழ்ந்து தன் வழியில் போனது. நிமாய் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கொக்கிக் கம்பை நீட்டுவதையும், நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பெரிய வெள்ளை உடம்பை உள்ளே சரிப்பதையும் அலைகளுக்கு நடுவே விட்டு விட்டுப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் துடுப்பு அசைந்தது.

வந்து தலைமயிரைப் பிடித்துத் தூக்கினாய். நீ கேட்ட முதல் கேள்வி, "மீனக் கேட்டியாலே?"

உள்ளே அம்மணமாகக் கிடந்தேன். பக்கத்தில் அந்த மீன், பாரை, இன்னும் சாகவில்லை. வாலோரத்து முள்செதிலால் என் தொடையைக் கிழித்துக்கொண்டு துடித்தது. கிட்டத்தட்ட என் நெஞ்சுயரம் இருக்கும். இரண்டு பேரும் ஒரே மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தோம்.

வடக்கு விரிகுடாக் கரையில் அடுப்பு மூட்டினோம். நிமாய் மீன் துண்டுகளுக்கு மஞ்சளும் உப்பும் தடவிக் கடுகெண்ணெயில் பொரித்தான். நான் அவன் துண்டைக் கட்டிக்கொண்டு புளி கரைத்தேன். தலை எப்போதும் பிடித்தவனுக்குத்தான் என்பது நம் வழக்கம். அன்றைக்கு நீ குழம்போடு தலையை என் இலையில் தள்ளினாய். "தலை தப்பிச்சது தம்பிரான் புண்ணியம்லே. தின்னு."

அந்தத் தலையைத் தூக்கி உன் முகத்தில் எறிந்திருக்க வேண்டும். வாயில் வைத்தேன். கன்னத்துச் சதை வெண்ணெய் மாதிரி கரைந்தது. கண்ணைத் தோண்டித் தின்றேன், எலும்பை உறிஞ்சினேன். அப்படி ஒரு மீனை அதற்கு முன்னும் தின்றதில்லை, பின்னும் தின்றதில்லை. என் கோபத்தை முதலில் விற்றது என் நாக்குதான்.

மறுநாளே ஜங்லிகாட் முழுக்கக் கதை ஓடியது. டீக்கடையில் நீ கதை சொல்லும்போது கல் இருந்தது, பர்சோன் இருந்தது, என் லுங்கி இருந்தது. கயிறு மட்டும் இல்லை. "அந்த வங்காளிப் பயலுக்குக் கல்லுக்கும் நாளைக்கும் வித்தியாசம் தெரியல, இவன் செத்திருப்பாம்லா!" என்று முடிப்பாய். எனக்குப் பர்சோன் என்று பேர் விழுந்தது. நிமாய் அதற்குப் பிறகு துறைக்கு வரவில்லை. அவன் வராத ஞாயிறுகளில் எண்ணெய் இல்லையே என்று மட்டும் வருத்தப்பட்டாய்.

எனக்குப் பொறுக்கவில்லை. பெரார்கஞ்சுக்குப் போனேன். நாற்று நட்டுக்கொண்டிருந்தான். வரப்பில் நின்று, "உன் தப்பு இல்ல நிமாய். அவன் மீனை விடல. நான் பார்த்தேன்" என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். அழுவான் என்று நினைத்தேன். நிமிர்ந்து, சேற்றுக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டான்.

"ஹம் பீ தேகா" என்றான். நானும் பார்த்தேன்.

"பின்னே?"

"வோ மச்சி ஹம் பீ நஹீ சோட்தா, தாதா." அந்த மீனை நானும் விட்டிருக்க மாட்டேன், அண்ணே.

பிறகு ஏன் வருவதில்லை என்று கேட்டேன். நடவு வேலையாம். முடிந்ததும் வருகிறேன் என்றான், வந்தான். எண்ணெயும் கொண்டு வந்தான்.

ஆனாலும் உன் வாயால் கேட்க வேண்டும் என்று எனக்குள் கிடந்தது. போன மழைக்காலத்தில் கேட்டேன். உனக்குத் தொண்டையில் கஞ்சியைத் தவிர எதுவும் இறங்காத சமயம். நான் வேண்டுமென்றேதான் பொரித்த பாரை வாங்கி வந்து, உன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, முள் எடுத்து எடுத்துத் தின்றேன். உன் கண் என் விரலோடு போய் வந்தது. "சண்டாளப் பாவி" என்றாய், பாதி காற்றாக. அப்போது கேட்டேன்.

"அன்னைக்கு ஏன்டா கயித்த விடல?"

மழுப்புவாய் என்று பார்த்தேன். யோசிக்கவே இல்லை நீ.

"ஒன்ன விட்டா மெதப்ப. மீன விட்டா போயிரும்லா."

"கிணத்துல நீந்துனவன்டா நான். மெதப்பேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"மெதந்தியேலே!" என்று சொல்லிச் சிரித்தாய். சிரிப்பு இருமலாகி, உன் மனைவி ஓடிவந்து என் தட்டைப் பிடுங்கி என்னை வெளியே அனுப்பினாள்.

உன்னை அடக்கம் செய்ய எடுத்துப் போனபோது பெட்டியின் பின்பக்கம் என் தோளும் நிமாயின் தோளும். மாதா பாட்டு பாடிக்கொண்டு போகிறார்கள். நிமாய் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டே என் பக்கம் சாய்ந்து, "மச்சி இஸ்ஸே பாரீ தா" என்றான். மீன் இதைவிடக் கனம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கத் தோள் குலுங்கி, பெட்டியே குலுங்கியது. நான் தேம்பி அழுகிறேன் என்று நினைத்து யாரோ முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். உன் மனைவி மட்டும் நம்பவில்லை. இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் மனசுக்குள் உன்னைத் தண்ணீரில் இறக்கிவிட்டுத் தூண்டில் கயிற்றை நான் பிடித்துப் பார்க்கிறேன். சங்கரா என்றால் உடனே விட்டுவிட்டு உன்னிடம் வருகிறேன். களவாய் என்றால் கொஞ்சம் யோசித்துவிட்டு வருகிறேன். பாரை என்றால், நீ மிதப்பாய் என்றே எனக்கும் தோன்றுகிறது.

கை வலிக்கிறது. உன்னைத் திட்ட வேண்டிய சில சொற்களுக்கு எழுத்துக் கேட்டால் டீச்சரம்மா தரமாட்டேன் என்கிறாள். நானே கூட்டிப் பழகிக்கொண்டு வருகிற வாரம் எழுதுகிறேன். அதுவரை கிட.