லேபிளில் என் கை

ஆடி 3, வெள்ளி

மத்தாப்புப் பெட்டி லேபிளுக்கு ஏஐ ஒரு சிறுமியை வரைந்து கொடுத்தது. கம்பியின் எரிகிற முனையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கம்பியைத் திருப்பிப் பிடிக்கவைத்தேன்.

"பிள்ளைய ஒத்தையில விட்டுட்டீகளே, பக்கத்துல பெரியாள் வேணும்ல," என்றார் அச்சக முதலாளி. ஏஐ காட்டிய அம்மாக்களில் ஒருத்தியும் அவளோடு ஒட்டவில்லை. கடைசியில் என் கையையே செல்லில் படமெடுத்து அவள் தோளில் வைத்தேன்.

"முகம் வேண்டாம்மா, இது போதும். பெத்தவ கை மாதிரியே இருக்கு," என்றார். சொன்ன பிறகுதான் எனக்குப் பிள்ளை இல்லாதது அவருக்கு நினைவு வந்திருக்கும். சட்டென்று சாத்தூர் ஆர்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

சேமிக்கும்போது கம்ப்யூட்டர் ஃபைலுக்குப் பெயர் கேட்டது. இத்தனை வருஷமாக யாருக்கும் வைக்காமல் வைத்திருந்த பெயரைப் போட்டேன். நாளைக்குப் பிரஸ்ஸில் எல்லோரும் அவளை அந்தப் பெயர் சொல்லித்தான் கேட்பார்கள். நான்தான் இன்னும் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லவில்லை.