ஆணியில் தொங்குகிற கண்டக்டர் பை

மாசி 8, புதன்

காலையில் பனி. பத்து மணிக்கு மேல் மண்டையைப் பிளக்கிற வெயில். முட்டிக்குத் தைலம் தேய்த்தாச்சு. போனுக்கு ரீசார்ஜ் பண்ண மறந்தாச்சு.

சாயங்காலம் பாட்டுக் குழு. புதன்கிழமை தோறும் சிக்கந்தர் பாய் மளிகைக் கடை மாடியில் கூடிப் பாடுவது. டோலக் வாசிப்பது பாய்தான். மிளகாய் வத்தல் வாசத்தில் ஆளுக்கு நாலு தும்மல், அப்புறம் பாட்டு.

இன்றைக்கு டீச்சர் முகம் சரியில்லை. டீச்சர்தான் குழுவுக்குச் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை கோட்டையூர் ஆச்சி வீட்டு முற்றத்தில் எங்கள் கச்சேரி. நோட்டீஸ் ஒட்டியாச்சு. கும்மி, தெம்மாங்கு, கடைசியில் எசப்பாட்டு. எசப்பாட்டில் எனக்கு எதிராகப் பாடுவது நாகம்மாள். அவளுக்கு மதுரையில் கண் ஆபரேஷன், நாளை மறுநாள்.

"எசப்பாட்ட மட்டும் எடுத்துருவமாண்ணே?"

"எடுத்துட்டு? நான் என்ன செய்யிறது?"

"பாய் பக்கத்துல உக்காந்து ஜால்ரா தட்டுங்க."

நான்! ஜால்ரா! காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் குடித்தேன்.

எசப்பாட்டுக்குச் சட்டம் மூன்று. ஒருத்தர் கேலியாக ரெண்டு வரி பாடணும், எதிராள் அதே மெட்டில் திருப்பிக் கொடுக்கணும். டோலக் மூணு சுற்று முடியும் வரைக்கும் பதில் வராவிட்டால் தோல்வி. தோற்றவர் டோலக்கைத் தலையில் தூக்கிக்கொண்டு பாய் கடை வரைக்கும் நடக்கணும். குழு ஆரம்பித்த நாளிலிருந்து நான் சுமந்ததில்லை. நாகம்மாளுக்குச் சுமந்து சுமந்து உச்சந்தலை தட்டை.

நாலாவது சட்டமும் உண்டு. எழுதி வைத்துப் பாடக்கூடாது, அந்த இடத்திலேயே தோன்றணும். எனக்கு ரெண்டு நாள் முன்னாலேயே தோன்றிவிடும். அதற்குத்தான் இந்த நோட்டு.

நோட்டு இருப்பது என் பழைய கண்டக்டர் பைக்குள். பை ஆணியில். என் பெண்டாட்டி செல்லாயி தொடமாட்டாள், தோல் நாற்றம் அவளுக்கு ஆகாது. விசில் மட்டும் சட்டைப் பையில். வீட்டில் ஒரு விசில் அடித்தால் காபி, ரெண்டு அடித்தால் சோறு. நாற்பது வருசப் பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு எழுதியது:

1) கண்டாங்கிச் சேலை கட்டிக் கடைவீதி போற புள்ள
கத்தரிக்கா வாங்கயில கண்ணெங்க வச்சிருந்த?

2) ஊருணி வத்திருச்சு, ஓடையும் வத்திருச்சு
வாயில மட்டும் உனக்கு வத்தாத வெள்ளமடி

3) காரைக்குடி பஸ்ஸுல கண்டக்டர் நானிருந்தேன்
ஏறுன பேருக்கெல்லாம் எடம் புடிச்சுக் குடுத்தேனே

மூணும் வைரம்.

மாசி 9, வியாழன்

வெயில். கரண்ட் இல்லை, பதினொன்று முதல் ஒன்று வரை. மத்தியானம் மீன் குழம்பு. உப்புக் கம்மி என்றேன். "ஒங்க வாயில ஊறுற உப்பையும் சேத்துக்கங்க" என்றாள் செல்லாயி.

பைக்குள் நோட்டு தலைகீழாக இருந்தது. மூணாம் பாட்டு மேல் மஞ்சளாக ஒரு விரல் தடம். குழம்புக் கையோடு எழுதியிருக்கிறேன் போல. வயசாகுது.

மாசி 10, வெள்ளி

பிள்ளையார்பட்டிக்குப் போய் நாகம்மாள் கண்ணுக்காக ஒரு தேங்காய். திரும்பும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கண்டக்டர் பையன் "உள்ள போங்க பெருசு" என்றான். யாரிடம் சொல்கிறான்!

மத்தியானம் நாகம்மாளே போனில்.

"ஏப்பா கருப்பையா, ஒரு கண்ணுல கட்டு. இன்னொரு கண்ணால ஒன்னையத்தான் தேடுறேன்."

"தேடாத ஆத்தா, கட்டு அவுந்துரும். எனக்கு எதிர்ப்பாட்டுக்கு யாரு?"

"ஏன், ஒன் வாய்க்குப் பயந்து எல்லாரும் ஓடிட்டாகளா?"

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாசி 11, சனி

மேகமூட்டம், மழை இல்லை. குழுவின் கும்மிப் பயிற்சி, ஆச்சி வீட்டிலேயே. காலேஜ் பிள்ளைகள் பதினாறு பேர், ஓட்டலில் தங்கியிருக்கிற வெள்ளைக்காரி ரெண்டு பேர். வெள்ளைக்காரிக்குக் கை தட்ட வருகிறது, கால் வரவில்லை. பாய்க்குக் கால் வருகிறது, இடுப்பு வரவில்லை. சொன்னேன். என்னை அடிக்க டோலக் குச்சியைத் தேடினார், டோலக்குக்குக் குச்சி கிடையாது.

பயிற்சி முடிந்ததும் டீச்சர் எதிர்ப்பாட்டுக்கு ஆள் பார்த்தாள். முதலில் பேங்கில் வேலை பார்க்கிற செல்வி. அவள் ஸ்கூட்டர் ஓட்டுகிற அழகை ரெண்டு வரி பாடினேன். பிள்ளை சிரிக்க ஆரம்பித்து விக்கல் வந்து உட்கார்ந்துவிட்டது. அடுத்தது தேங்காய்க் கடை முத்துப்பேச்சி. ஒரு ரவுண்டு நின்றாள். ரெண்டாம் ரவுண்டில் அவள் தராசைப் பற்றிப் பாடினேன். முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"ஒங்க வாயில விழுந்து எந்திரிக்க நம்மளால ஆகாதுப்பா."

டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "செயிச்சுச் செயிச்சு எதுத்தாப்புல ஆளே இல்லாமப் பண்ணிப்புட்டீகளேண்ணே. தனியா நின்னு யார்கிட்ட பாடப்போறீக? நாளைக்குக் காலையில ஆள் இல்லைன்னா எசப்பாட்டு இல்ல. இனிமே எப்பவுமே இல்ல."

டோலக் ஓடியிருந்தால் மூணு சுற்று முடிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். விசில்கூட அடிக்கவில்லை. செல்லாயிக்கு அதுதான் பயம் கொடுத்திருக்கும்.

"என்ன, பஸ்சு பிரேக்டவுனா?"

சொன்னேன். வெங்காயம் உரித்தபடி கேட்டாள். உரித்து முடித்து, கையைக் கழுவி, "நான் வாரேன்" என்றாள்.

"எங்குட்டு?"

"கோட்டையூருக்கு. ஒங்களுக்கு எதுத்தாப்புல நிக்க."

"ஒனக்குப் பாட்டுத் தெரியுமாடி?"

"நாப்பது வருசமா ஒங்களுக்குப் பதில் சொல்றேன். மெட்டு மட்டும்தான பாக்கி? ஆனா ஒண்ணு. அந்த விசில எங்கிட்டக் குடுத்துரணும்."

கொடுத்தேன். வேறு வழி? பாவம், முதல் ரவுண்டிலேயே முழிப்பாள். மூணு பாட்டில் ஒண்ணைப் பாடாமல் விட்டுவிடலாம். டோலக்கை நானே பாதி தூரம் பிடித்துக்கொள்ளலாம்.

மாசி 12, ஞாயிறு

வரிசையாக எழுதணும்.

அஞ்சு மணி. முற்றம் நிறைய ஆள். தூணுக்குத் தூண் சாய்ந்து நிற்கிறார்கள். ஆச்சி முன்னால் நாற்காலியில். கும்மி நன்றாக இருந்தது. தெம்மாங்கில் டீச்சருக்குக் கைதட்டல். அப்புறம் எசப்பாட்டு. செல்லாயி அரக்குக் கண்டாங்கி கட்டிக்கொண்டு வந்து நின்றாள். யாரோ, "கண்டக்டர் சம்சாரமாம்ல? பாவம்" என்றார்கள். எனக்கும் அதே நினைப்பு.

கத்தரிக்காயைப் பாடினேன். கூட்டம் சிரித்தது. பாய் ஒரு சுற்றுகூட முடிக்கவில்லை:

கத்தரிக்கா சொத்தையின்னு கண்டுபுடிச்ச மாமாவே
கழுத்த நான் நீட்டயில கண்ண மூடிப்புட்டேனே!

ஆச்சி நாற்காலியில் குலுங்கினார்கள். எனக்கு வேர்த்தது. ஊருணியை எடுத்து விட்டேன்.

வத்தாத வெள்ளமின்னு வையிற மாமாவே
வெள்ளத்துல மெதந்துதானே வீடு வந்து சேந்தீக!

விசில் பறந்தது, கூட்டத்திலிருந்து. பாய் டோலக்கை விட்டுவிட்டுக் கை தட்டுகிறார், துரோகி. மிச்சம் இருந்தது கண்டக்டர் பாட்டு. நெஞ்சை நிமிர்த்திப் பாடினேன். அவள் கையை இடுப்பில் வைத்தாள்:

ஊருக்கெல்லாம் எடம் புடிச்ச உத்தம மாமாவே
வீட்டுல எனக்கு மட்டும் விசிலுதான் டிக்கெட்டா?

பெண்கள் பக்கம் ஒரு சத்தம் வந்தது. அப்படி ஒரு சத்தம் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. நோட்டில் இருந்தது தீர்ந்துபோச்சு. நான் தலையைச் சொறிந்தேன். அவள் விடவில்லை:

ஆணியில தொங்கும் பையில் அழுக்கு நோட்டு ஒண்ணிருக்கு
ஐயா பாடும் பாட்டெல்லாம் அதுலதான் குடியிருக்கு!

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அப்புறம் "நோட்டு! நோட்டு!" என்று காலேஜ் பிள்ளைகள் கத்தினார்கள். டீச்சர் தூணைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீர். டோலக் ஒரு சுற்று. ரெண்டு. நான் வாயைத் திறந்தேன், சிரிப்புத்தான் வந்தது. மூணு.

தோற்றேன். எத்தனையோ தடவை ஜெயித்திருக்கிறேன், இவ்வளவு சந்தோசம் இருந்ததில்லை. எதிரில் நிற்பது என் பெண்டாட்டி என்று எல்லாரிடமும் சொன்னேன். தெரிந்தவர்களிடமும் சொன்னேன்.

டோலக்கைத் தலையில் வைத்தார்கள். கனம்தான். நாகம்மாள் எப்படிச் சுமந்தாளோ. கோட்டையூரிலிருந்து பாய் கடை வரைக்கும் கூட்டம் பின்னாலேயே. செல்லாயி முன்னால் நடந்தாள். நான் மூச்சு வாங்க நின்றால் திரும்பிப் பார்த்து ரெண்டு விசில். ரைட், போகலாம்!

வழியில் கேட்டேன், "எப்பருந்து நோட்டப் படிக்கிற?"

"நாலு வருசமா. பாட்டெல்லாம் நல்லாத்தான் எழுதுறீக. ஒங்க பாட்டுக்குப் பதிலெல்லாம் அங்கனயே வந்துச்சு. நோட்டுப் பாட்டு மட்டும் முன்னாலேயே யோசிச்சது."

மாசி 13, திங்கள்

பனி. கழுத்து திரும்பவில்லை. தைலம் தீர்ந்தது, வாங்கணும்.

நாகம்மாள் போன். வீடியோ பார்த்தாளாம், ஒரு கண்ணால். "என் தலைக்கு இன்னைக்குத்தான் நியாயம் கெடச்சுச்சு" என்றாள்.

டீச்சர் வந்தாள். முத்துப்பேச்சியும் செல்வியும் புதன்கிழமை வருகிறார்களாம், எதிர்ப்பாட்டுக்கு. இப்போது என்னிடம் யாருக்கும் பயம் இல்லையாம். வலையபட்டியில் ஒரு கல்யாணத்துக்கு எசப்பாட்டு கேட்டிருக்கிறார்கள். செல்லாயி பாட்டு வேணுமாம். கூட நானும் வரலாமாம்.

நோட்டை இடம் மாற்றணும். எங்கே என்று இதில் எழுதப்போவதில்லை.

வாசலிலிருந்து விசில். ஒண்ணே ஒண்ணு. பால் எந்தப் பாத்திரத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை.