லாரி நம்பர்

ஆவூர்,
14-8-57

அன்பு மகனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ அனுப்பிய கைக்கடிகாரம் வந்தது. இன்னும் கட்டிப் பார்க்கவில்லை.

நேற்று குன்றாண்டார்கோவில் குகையைப் பார்க்க ஒரு வெள்ளைக்காரத் தம்பதியை டாக்ஸியில் ஏற்றிப் போனேன். வழியில் ஒரு போலீஸ்காரர் கைகாட்டினார். வண்டியில் வெள்ளைக்காரர் இருந்தால் மாமூல் இரண்டு ரூபாய். வழக்கம்போல் லைசென்ஸுக்குள் மடித்து வைத்து நீட்டினேன். பெயரையும் ஊரையும் படித்தவர், பணத்தோடு அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார். போலீஸ் பயிற்சியில் உன்னோடு இருந்தவராம்.

“அவரோட அப்பாவா நீங்க? முன்னாடியே சொல்லக் கூடாதுங்களா? ஒங்ககிட்ட வாங்குவேனா?”

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு அவர் ஜன்னல் பக்கம் குனிந்தார்.

“என் தம்பி லாரி ஓட்டுறான். ஒங்க மகன் நிக்கிற பாலத்தத் தாண்டித்தான் தெனமும் போறான். அவன மட்டும் விட்டுறச் சொல்லுங்க.”

லாரி நம்பரையும் சொன்னார். சரி என்று தலையாட்டிவிட்டேன். எதற்குச் சரி என்றேன் என்று இன்னும் விளங்கவில்லை. வாங்குகிறவனிடம்தானே விடச் சொல்வார்கள்? உன் அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

இந்தத் தாளின் பின்பக்கம் எழுதிக் கோடு போட்டு அடித்திருப்பது அந்த லாரியின் நம்பர். உனக்கு அது தேவைப்படாது என்றுதான் அடித்தேன். ஆனாலும், படிக்க முடிகிற மாதிரியே அடித்திருக்கிறேன்.

உன் அப்பா