துவைகல் ஓரத்துப் புல்

சாத்தூர்
8.9.2025

அன்புள்ள மாரிசெல்விக்கு,

நான் நலம். நீயும் உன் அண்ணன் நாகையா வீட்டாரும் நலம்தானே. போன் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் கடுதாசி எழுத வேண்டியிருக்கிறது. இங்கே தீபாவளி சீசன். பட்டாசுக் கம்பெனியில் மூச்சுவிட நேரமில்லை.

விஷயம் இதுதான். நம் வீட்டுத் துவைகல் ஓரம் கொத்துக் கொத்தாக ஏதோ புல் நிற்கிறது. பார்க்கும்போதெல்லாம் கை அரிக்கிறது. போர்மேன் வேலையில் ஷெட்டைச் சுற்றி ஒரு புல் நின்றாலும் செதுக்கச் சொல்லிப் பழகிவிட்டது. காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று உனக்கும் தெரியும். பக்கத்து வீட்டு முருகம்மாள் மதினி எட்டிப் பார்த்துவிட்டு, "கோரைலா இது, விட்டா அடுப்படி வரைக்கும் வந்துரும்" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை செதுக்கிவிடப் போகிறேன்.

கோபம் ஆறினால் வந்து சேர்.

கோட்டைச்சாமி


ஏழாயிரம்பண்ணை
12.9.2025

கோட்டைச்சாமி அவர்களுக்கு,

புருசன் பேரை இப்படி எழுதலாமா என்று இங்கே அண்ணன் வீட்டு மதினி கேட்டாள். எழுதினால் என்ன என்று எழுதிவிட்டேன்.

அதைத் தொடாதீர்கள். நான் வைத்தது. வைத்த அன்றைக்கே சொன்னேன், நீங்கள் லோடு வரவில்லை என்று போனில் கத்திக்கொண்டிருந்தீர்கள். கேட்கிற பழக்கம்தான் உங்களுக்குக் கிடையாதே. வேறு எங்கோ ஒரு கம்பெனியில் வெடித்துவிட்டது என்றதும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கம்பெனியில் என் பேரை அடிக்கச் சொன்னீர்கள். மறுநாள் சோற்றுவாளியோடு வேன் ஏறினேன். "உங்க பேரு இல்லக்கா, இறங்கிக்கோங்க" என்றான் டிரைவர். அத்தனை பேரும் பார்த்தார்கள்.

இங்கே தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். ஒன்று செய்யுங்கள். அது என்ன புல் என்று கண்டுபிடித்து எழுதுங்கள். சரியாக இருந்தால் வருகிறேன். உங்களுக்குப் பழக்கமானதுதான்.

மாரிசெல்வி


சாத்தூர்
5.10.2025

மாரிசெல்விக்கு,

இது என்ன விடுகதை? வேலை நெருக்கடியில் மனுசனைப் பாடாய்ப் படுத்துகிறாய்.

கோரை இல்லை. கோரைத் தண்டு மூன்று பட்டையாக இருக்கும், இதில் தண்டே இல்லை, வழவழவென்று இலைதான். எலுமிச்சைப் புல்லோ என்று கசக்கி மோந்தேன், ஒரு வாசனையும் இல்லை. ஒன்றைத் தோண்டினால் அடியில் சின்ன வெங்காயம் மாதிரி கிழங்கு. நாக்கில் வைத்தேன், ஒரே கசப்பு. உரக்கடைக்காரர் ஈருள்ளி, வெங்காய வகைதான் என்றார். போனில் படம் பிடித்துப் போட்டால் முதலில் பூண்டு என்றது, பிறகு புல் என்றது. புல் என்று சொல்ல அந்தப் போன் எதற்கு?

செதுக்கவில்லை. வாடிவிடக் கூடாது என்று தினமும் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுகிறேன். எனக்குச் சலித்துவிட்டது. தீபாவளிக்காவது வா.

கோட்டைச்சாமி


சாத்தூர்
20.11.2025

அன்புள்ள மாரிசெல்விக்கு,

தீபாவளிக்கு நீ வரவில்லை. பதிலும் இல்லை. தனியாகத்தான் இருந்தேன்.

தீபாவளிக்குப் பூட்டிய கம்பெனியை நேற்றுத்தான் திறந்தோம். இத்தனை நாள் செதுக்க ஆள் இல்லை, நடுவில் நல்ல மழை. கேட்டைத் திறந்தால் ஷெட்டைச் சுற்றி ரோஸ் கலரில் ஒரே பூ. குனிந்து பார்த்தேன். துவைகல் ஓரத்தில் நிற்கிற அதே இலை, அதே கிழங்கு. இத்தனை வருசமும் வாராவாரம் உன்னையும் மற்றவர்களையும் நான் செதுக்கச் சொன்ன புல் இதுதான். பூக்கிறவரைக்கும் ஒருநாளும் விட்டதில்லை.

"செதுக்கிரவா அண்ணாச்சி?" என்று பொன்னுத்தங்கம் கேட்டாள். ஷெட் ஓரம் விட முடியாது, செதுக்கத்தான் வேண்டும். மத்தியானம் வரைக்கும் பொறுங்கள் என்றேன்.

வீட்டில் மட்டும் ஒரு மொட்டுகூட இல்லை. ஏன் என்று தெரியவில்லை. இதன் பேரும் இன்னும் தெரியவில்லை. எங்கிருந்து எடுத்தாய் என்பது மட்டும் தெரியும்.

எனக்குப் பயம், மாரிசெல்வி. நீ ஷெட்டுக்குள் இருக்கிறபோது ஒவ்வொரு சத்தத்துக்கும் பயந்தேன். இன்னும் பயம்தான். கம்பெனியில் உன் பேரை மறுபடி எழுதச் சொல்லவா, வேண்டாமா? நான் அங்கே வரலாமா? கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.

கோட்டைச்சாமி


ஏழாயிரம்பண்ணை
26.11.2025

மாமாவுக்கு,

பேர் எனக்கும் தெரியாது. கம்பெனியில் யாருக்குமே தெரியாது. வேலியோரம் தப்பித்த ஒன்று பூத்திருந்ததைப் பார்த்தேன். அடுத்த தடவை செதுக்கும்போது நாலு கிழங்கைச் சோற்றுவாளியில் போட்டுக் கொண்டுவந்தேன். அவ்வளவுதான்.

தண்ணீர் யார் ஊற்றச் சொன்னது? தொடாதீர்கள் என்றுதானே எழுதினேன். நன்றாகக் காய்ந்து கிடந்தால்தான் மழைக்குப் பூக்கும். அதையும் என்னைக் கேட்காமலே செய்திருக்கிறீர்கள். உங்களை என்ன செய்ய?

பயம் எனக்கும் உண்டு. அதை வைத்துக்கொண்டுதான் அத்தனை பெண்களும் வேன் ஏறுகிறோம்.

நீங்கள் வர வேண்டாம், எனக்குப் பஸ் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். திங்கட்கிழமை வேனில் என் பேர் இருக்க வேண்டும்.

மாரிசெல்வி