மணிச் சத்தத்தில் நின்ற ஜெனி

என் தோழி ரோஸ்லினே, மணலில் என்னை ஒருநாளும் ஜெயிக்க விடாதவளே,

கருவாட்டைக் காயப்போட்டுவிட்டு, காக்காய்க்குக் காவலாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வெயிலில் கண் சொக்குகிறது. தூத்துக்குடித் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கப்பல்கள் தண்ணீரில் நிற்காமல் வானத்தில் மிதப்பது போலத் தெரிகின்றன. இந்த நேரத்தில்தான் நீ பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஈரமணலில் பந்தோடு ஓடுவாய். நேற்றும் ஓடினாய். கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செத்த பிறகும் திமிர் குறையவில்லையா உனக்கு?

உன் மகளைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். மஞ்சள் காமாலையில் நீ போனபோது முன்பல் விழுந்து நின்ற ஜெனி இப்போது என்னைவிட உயரம். பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களின் சர்வதேசக் கால்பந்துப் போட்டி, கிழக்கே கடல் தாண்டிய ஒரு நாட்டில் நடக்கிறது. நம் நாட்டு அணிக்கு அவள்தான் கோல்கீப்பர். புறப்படும்போது அவள் பையில் உடன்குடிக் கருப்பட்டியைத் திணித்தேன். "அங்கன எறும்பு வரும் சித்தி" என்று சிணுங்கினாள். வந்தால் வரட்டும் என்றேன்.

நம் ஆட்டத்துக்கு இருந்த ஒரே சட்டம் உனக்கு மறந்திருக்காது. கோயிலில் சாயங்கால மணி அடித்தால் யார் எங்கே நின்றாலும் அப்படியே நிற்க வேண்டும். சிலுவை போட்டு, கண்ணை மூடி, திரிகால ஜெபம் சொல்லி முடித்த பிறகுதான் பந்து உருளும். புன்னைக்காயல் மணலில் இன்றும் அதுதான் சட்டம். ஜெனி உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்று அதைப் பழகியவள்.

முதல் ஆட்டத்தன்று மீன் ஏலக்கூடத்தில் பெரிய திரை கட்டினார்கள். ஊரே வந்து உட்கார்ந்தது. உன் வீட்டுக்காரர் சேவியர் அண்ணன் சங்கு குளிக்கப் போகாமல் முன்வரிசையில் இடம் பிடித்துவிட்டார். திரை முழுக்கப் பச்சைப் புல், அதன் ஓரத்தில் நம் பிள்ளை. பார்த்துக்கொண்டே இருந்தேன், விழித்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. வெகுநேரம் இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. அப்போதுதான் திரைக்குள்ளிருந்து மணி அடித்தது.

மைதானத்துக்குப் பக்கத்தில் ஏதோ கோயில் இருந்திருக்கிறது. அங்கே சாயங்காலம் ஆகிவிட்டது. நமக்கோ மத்தியானம் சாப்பிட்ட கை இன்னும் காயவில்லை. ஆனாலும் ரோஸ்லின், நாங்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டோம்! யாரும் யோசிக்கவில்லை. சிலுவை போட்டோம், கண்ணை மூடினோம். திறந்தபோது பந்து வலைக்குள் கிடந்தது. ஜெனி குவித்த கையோடு அப்படியே நின்றாள். எதிரணிப் பெண் ஒருத்தி நடுக்கோட்டிலிருந்தே தூக்கி அடித்திருக்கிறாள்.

கோல் விழுந்ததை ஊரில் ஒருத்தரும் பார்க்கவில்லை. "யாருலே அடிச்சா? எப்பலே அடிச்சா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அந்த ஒரு கோலில் தோற்றுப்போனோம். நின்றுகொண்டே தூங்குகிற கோல்கீப்பர் என்று செல்போனில் ஊர் உலகமெல்லாம் கேலி செய்தது.

அன்று பொழுது சாய்ந்ததும் ஜெனி கூப்பிட்டாள்.

"கோச் அக்கா திட்டல சித்தி. அடுத்த ஆட்டத்துல உன்னைய இறக்கவா வேண்டாமா, நீயே யோசிச்சுச் சொல்லுன்னுட்டாங்க. அப்பயும் அந்த மணி அடிக்கும்லா?"

"அடிச்சா அடிக்கட்டும், நீ நிக்காத" என்றேன்.

"அம்மா முகமே இப்ப சரியா ஞாபகத்துல வர மாட்டேங்கு சித்தி. மணி அடிக்கும்போது மட்டுந்தான் பக்கத்துல வந்து நிக்க மாதிரி இருக்கு. அதையும் விட்டுரவா?"

இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவள் நீயல்லவா? எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாயே என்று அவ்வளவு கோபம் வந்தது. போனைக் காதில் வைத்தபடி கண்ணை மூடினேன். ஈரமணலும் மணிச் சத்தமும் வந்தன. கூப்பிடாமலேயே நீயும் வந்து நின்றாய், கண்ணை மூடி, கையைக் குவித்து. உன் வலது கால் பந்தின் மேல் இருந்தது.

எப்போதும் அப்படித்தானே நிற்பாய், களவாணி! ஜெபத்துக்கு நடுவே ஒற்றைக் கண்ணைத் திறந்து, அந்தப் பந்தைத் தட்டிப் பறிக்க நான் எத்தனை தடவை காலை நீட்டியிருப்பேன். ஒரு தடவையாவது அசைந்து கொடுத்தாயா?

"ஏளா ஜெனி, கேளு. மணி அடிச்சா உங்கம்மா மொதல்ல பந்த மிதிச்சு நிறுத்துவா. பெறவுதான் சிலுவை போடுவா. பந்த விட்டுட்டு அவ ஒருநாளும் நின்னதில்ல."

அவள் மெல்லச் சொன்னாள்: "எனக்கு அது தெரியாதே சித்தி. நான் கண்ண மூடியிருப்பேன்லா."

சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். காலையில் போய், தன்னை இறக்கும்படி கோச்சிடம் கேட்டிருக்கிறாள்.

அடுத்த ஆட்டம் அதே மைதானத்தில், அதே நேரத்தில். எதிரணி கார்னரிலிருந்து பந்தைத் தூக்கிப் போட்டபோது மணி அடித்தது. ஏலக்கூடத்தில் நாங்கள் எழுந்து நின்றோம், ஆனால் கண்ணை ஒருத்தரும் மூடவில்லை. ஜெனி கூட்டத்துக்கு மேலே எழும்பினாள். எழும்பியவள் கீழே வரவே மாட்டாளோ என்று தோன்றியது. வந்தபோது பந்து அவள் நெஞ்சில் இருந்தது. கோல்கீப்பர் பந்தைக் கையில் வைத்திருக்கச் சில விநாடி அனுமதி உண்டாம். அவ்வளவு நேரமும் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றாள். பிறகு நடுக்கோட்டைத் தாண்டி உதைத்தாள். அதன் பிறகுதான் சேவியர் அண்ணன் மூச்சு விட்டார். மூச்சடக்கிச் சங்கு குளிக்கிறவர் இல்லையென்றால் அன்றைக்கு அவர் பாடு என்ன ஆகியிருக்குமோ.

அந்த ஆட்டத்தில் யாருக்கும் கோல் இல்லை. அடுத்த சுற்றுக்குப் போக அது போதவில்லை. வருத்தம்தான். நாளைக்கு உன் மகள் வருகிறாள்.

முதலில் உன் கல்லறைக்கு அழைத்து வருவேன். அப்புறம் மணலுக்கு. சாயங்கால மணி அடிக்கும்போது அவளைக் கண்ணைத் திறந்து வைத்திருக்கச் சொல்லிவிட்டு, நீ நிற்பது போலவே நான் நின்று காட்டுவேன், வலது காலைப் பந்தின் மேல் வைத்து. நீ எப்படி நிற்பாய், எப்படிச் சிரிப்பாய், கோபம் வந்தால் எப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய் என்று நான் பார்த்ததையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பேன். இது உனக்கு என் வாக்கு. அவள் காலை நீட்டிப் பந்தைப் பறிக்கப் பார்ப்பாள், உன் பிள்ளைதானே. நான் அசைய மாட்டேன்.

உன் மகளுக்கு ஞானத்தாய்,
உனக்கு என்றைக்கும் எதிரணி,
லூர்து