பெண் வீட்டுப் பக்கம்

அன்பு மகன் நிலவழகனுக்கு, கந்தர்வக்கோட்டையிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே இருக்கிறோம். மஸ்கட்டில் உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் மாரியாத்தா பார்த்துக்கொள்ளட்டும்.

போனில் சொன்னால் கத்துவாய், அதனால்தான் தபால். முந்திரி பூத்திருக்கிறது, பனியில் பாதி கருகிவிடும் போலிருக்கிறது. ஆடு குட்டி போட்டிருக்கிறது. சரண்யாவைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். லீவில் வந்து நீ அடித்ததில் உன் பெண்டாட்டிக்கு இடது காது சவ்வு கிழிந்துவிட்டதாம். அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் அவளுக்குக் கேட்பதில்லை. எனக்கு அழுகைகூட வரவில்லையடா. சோறு வடித்தேன், யார் சாப்பிட்டார்கள் என்று நினைவில்லை.

உன் பெரியப்பா குழந்தைசாமி பங்காளிகளைக் கூட்டிப் பிள்ளையார் கோயிலில் பேச்சு வைத்தார். நம் வழக்கம் தெரியுமே, மாப்பிள்ளை வீடு ஒரு பக்கம், பெண் வீடு எதிர்ப்பக்கம், பெண் வீட்டு ஆள் வெற்றிலைத் தட்டு வைத்தால்தான் பேச்சே ஆரம்பிக்கும். அவளுக்கு அப்பனும் இல்லை, கூடப்பிறந்தவனும் இல்லை. எதிர்ப்பக்க ஜமுக்காளத்தில் ஒத்தையில் உட்கார்ந்திருந்தாள். தட்டு வைக்க ஆளில்லாட்டி என்னத்தப் பேசுறது, புருசன் வீட்லயே பொத்திக்கிட்டுக் கெடக்கட்டும் என்று பெரியப்பா எழுந்துவிட்டார். நான் போய்த் தட்டை வைத்தேன், அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். என்னம்மா பொற்கொடி, புத்தி பெரண்டு போச்சா, நீ மாப்பிள்ளையப் பெத்தவ, இங்கிட்டு வா என்றார். இன்னைக்கு நான் பொண்ணு வீடுங்க என்றேன். பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார், பேச்சு அதோடு கலைந்தது. உன் அப்பா உயிரோடு இருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ, தெரியவில்லை.

மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் புதுக்கோட்டையில் பெண்களுக்கான உதவி மையத்துக்குப் போனேன். அங்கே சத்யபிரியா என்று ஒரு பெண் டீ வாங்கிக் கொடுத்து, அவசரப்படாமல் எல்லாவற்றையும் கேட்டது. அடிச்சத யாரும் பாத்தாங்களாம்மா என்றது. பார்த்தேன், அவன் என் மகன் என்றேன். புகாரில் கையெழுத்தும் போட்டேன். பெத்த வயிறு பற்றி எரியும் என்பார்கள், எனக்கு ஒன்றும் எரியவில்லை, மரத்துப்போய்க் கிடக்கிறது. கோர்ட்டிலும் இதைத்தான் சொல்வேன். பெரியப்பா வீட்டில் என்னோடு பேச்சு வார்த்தை இல்லை, போகட்டும். சரண்யா முந்திரி உடைக்கப் போகிறாள், என்னோடுதான் படுத்துக்கொள்கிறாள், தூக்கத்தில் திடுக்கிடுகிறாள்.

வேளைக்குச் சாப்பிடு. வெயிலில் தலையில் துணி கட்டிக்கொள். குடிக்காதே. நீ நன்றாக இருக்க வேண்டும் என்று இன்னமும்தான் விளக்கேற்றுகிறேன். பங்குனித் திருவிழாவுக்கு டிக்கெட் போட்டிருப்பதாகச் சொன்னாய். ஊருக்கு வந்தால் பெரியப்பா வீட்டில் தங்கிக்கொள். இங்கே வந்து கதவைத் தட்டாதே. நீ அம்மா என்று கூப்பிட்டாலும் திறக்க மாட்டேன்.

உன்னைப் பெற்றவள்,
பொற்கொடி